காற்றில் வந்த கிருமி

கைக்குட்டையால் மூக்கைப் பொத்தாமல் லோடவைக் தன் தோட்டத்தில் இறங்கியதே கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் டிரிக்கின் பன்றிப் பண்ணை. டிரிக்கின் தாத்தா காலத்திலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. லோடவைக்தான் ஓய்வு பெற்ற பிறகு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து சேர்ந்தவர், கிராமத்துச் சுத்தமான காற்றுக்காக. வீட்டை விலை பேச வந்த அன்று இவர் மூக்கை எங்கே கழற்றி வைத்திருந்தார் என்று ஊரில் யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. அந்த பிராபான்ட் மாகாணத்துக்காரர்களுக்கு மரியாதை தெரியும். முதுகுக்குப் பின்னால்தான் கேட்டார்கள்.

நாற்றம் என்று முதலில் வழக்குப் போட்டார். தள்ளுபடி ஆனது. அடுத்து கிருமியைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் தீவனத்தோடு தீவனமாக ஆன்டிபயாடிக்கைக் கொட்டிக் கொடுத்ததில், மருந்துக்கு லேசில் அடங்காத கிருமி ஒன்று அந்தப் பக்கத்துப் பன்றிகளிடமும் அவற்றை வளர்க்கிறவர்கள் மூக்கிலும் தங்கிவிட்டது. பண்ணைக்காரன் கால் உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்க்கிறவரை தனி அறைதான்.

"அந்தக் கிருமி வேலி தாண்டி உங்க வீட்டு மூக்குல வந்து உக்காந்திருக்குன்னு காட்டுங்க சார். பண்ணைய இழுத்து மூடிடலாம்" என்றார் வக்கீல்.

வியாழக்கிழமைதோறும் ரயிலேறிப் போய் நகரத்து வக்கீலிடம் டிரிக்கைத் திட்டித் தீர்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவது லோடவைக்கின் வழக்கம். அந்த வியாழன் திரும்பும்போதே திட்டத்தோடு திரும்பினார். மறுநாள் சுகாதாரத் துறைக்குப் புகார் போனது.

அங்கிருந்து நர்ஸ் பரிசோதிக்க வருகிற காலையில், வேலிக் கம்பத்தில் டிரிக் எப்போதோ மாட்டிவிட்டு மறந்துபோன கையுறையை எட்டி எடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மூக்குத் துவாரத்திலும் தேய் தேய் என்று தேய்த்தார். பன்றி என்று யாராவது சொன்னாலே குமட்டுகிறவர்தான். ஆனால் வாழ்நாளெல்லாம் ஊரார் வரிக்கணக்கைச் சரிக்கட்டிக் கொடுத்த மனுஷருக்கு ஒரு மூக்கைச் சரிக்கட்டத் தெரியாதா என்ன?

நர்ஸ் யோரின் வந்து அவர் மூக்கில் குச்சியை விட்டு எடுத்தாள். "மேடத்துக்கும் எடுக்கணும். வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் பாக்கிறதுதான் முறை."

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று பின்வாங்கினாள் மனைவி மெக்டெல்ட்.

"மூக்கைக் காட்டு. இந்தக் கேஸை நடத்தறதே உனக்காகத்தான்" என்றார் லோடவைக்.

உனக்காகவாம். பண்ணையைப் பார்த்த பின்னறையில் தன்னால் படுக்க முடியாது என்று மனைவியை அங்கே தள்ளிவிட்டு, தெருப்பக்க அறையில் தனியாகப் படுக்கிறவர் பேசுகிற பேச்சு. அவளும் நாற்றம் என்று ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ருசி தெரியாத ஜென்மம் என்று அதற்கும் அவளைத்தான் மட்டமாக நினைத்தார்.

நர்ஸுக்குக் காப்பியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். உடனே டப்பாவை மூடினார்.

முடிவு சொல்ல யோரின் மறுபடி வந்தபோது வக்கீலையும் வரவழைத்திருந்தார்.

"வீட்டுல ஒருத்தருக்கு இருக்கு" என்றாள் யோரின்.

லோடவைக் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். "சொல்லும்மா. தாங்கிக்கறேன்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். மேடத்துக்குத்தான் இருக்கு. டிரிக் பண்ணையில எடுத்ததும் இதுவும் அச்சு அசல் ஒண்ணு."

வெயிலில் கிடந்து காய்ந்த கையுறையில் எந்தக் கிருமி அவருக்காகக் காத்திருக்கும்? அந்த மூளை அவருக்கு அப்போதுதான் வந்தது. வந்ததுமே சந்தோஷமும் வந்துவிட்டது. பொய்யாக ஜோடிக்கப் பார்த்தது நிஜமாகவே வீட்டுக்குள் இருக்கிறதே. டப்பாவைத் திறந்து ஆளுக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்தார். அந்த வீட்டில் அது நடந்ததே இல்லை.

"பயப்படாதீங்க மேடம். மூக்குக்குக் களிம்பு தர்றோம். ஆபரேஷன்னு எங்கயாவது போனா மட்டும் முதல்லயே சொல்லிடுங்க" என்று யோரின் மெக்டெல்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஆனா ஒண்ணு சார். பன்றியோட பழகறவங்களுக்குத்தான் பொதுவா இது வரும். காத்துல இவ்வளவு தூரம் வந்து நான் பாத்ததில்ல" என்றாள் யோரின்.

"அவ படுக்கிற ஜன்னல் அந்தக் கொட்டிலைப் பாத்துத்தானே இருக்கு? அடிக்கிறது மேல்காத்து. வேற எப்படி வரும்?" என்றார் லோடவைக்.

"அது போதும் சார்" என்று வக்கீல் நிமிர்ந்தார். "பன்றிப் பக்கமே போனதில்லன்னு மேடம் கோர்ட்டுல ஒரு சத்தியம் பண்ணட்டும். அப்புறம் காத்தைத் தவிர வேற வழி இல்லன்னு ஆயிடும். டிரிக் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

மெக்டெல்ட் ஜன்னல் வழியே பார்த்தாள். டிரிக் தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"நிஜமாவே மூடிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"பூட்டு போட்டுட்டுதான் மறுவேலை. சொல்லு, நீ என்னிக்காவது அந்தப் பன்றிங்க பக்கம் போயிருக்கியா?"

"பன்றிங்க பக்கம் நான் போனதே இல்ல. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

லோடவைக் பூரித்துப்போய் டப்பாவையே வக்கீல் பக்கம் தள்ளினார்.

"ஆனா காத்து மேல பழி போடாதீங்க" என்றாள் மெக்டெல்ட், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. "டிரிக் மேலயும் தப்பு சொல்ல முடியாது. பாவம், வியாழக்கிழமை இங்க வர்றப்பல்லாம் குளிச்சு முழுகிட்டுத்தான் வருவார்."