பச்சை வளையம்

இரண்டு ஸ்லைடுகளிலும் வளையம் இல்லை.

லேப் டெக்னீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். இல்லை.

செல்லின் நடுவே இருக்கும் உட்கருவுக்கு ஓர் உறை உண்டு. அந்த உறையில் எமெரின் என்றொரு புரதம் பதிந்திருக்கும். சாயம் போட்டால் உட்கருவைச் சுற்றிப் பச்சை வளையமாக ஒளிரும். வளையம் தெரியாத ஆணுக்கு அந்தப் புரதம் இல்லை. அவன் இதயம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகலாம்.

முதல் ஸ்லைடு, மாடிப்படியில் மயங்கி விழுந்த இளைஞனுடையது. அவன் கன்னத்தின் உட்புறத்திலிருந்து வழித்தெடுத்த செல்கள். அதில் வளையம் இல்லாதது அவள் எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ஆரோக்கியமான ஆளுடையது. அதில் வளையம் இருந்தே ஆகவேண்டும்.

அந்த ஆளைப் பிடித்தது அவள்தான். இளைஞனோடு வந்திருந்தான். ஏறக்குறைய ஒரே வயது.

"ஆன்னு தொற மாப்ளே. வீட்ல மூடவே மாட்டே, இங்க தொறக்கக் காசு கேக்கறியா?" என்று அவனைச் சீண்டிக்கொண்டிருந்தான்.

கூட்டாளி என்று நினைத்தாள். "உங்களதும் கொஞ்சம் குடுங்க" என்றதும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

"சாயம் கெட்டுப்போயிருக்கும்மா. வேற போட்டுப் பாரு" என்றார் டாக்டர்.

அவள் தன் கன்னத்தையே வழித்து, வேண்டுமென்றே அதே சாயத்தைப் போட்டாள். எல்லா உட்கருக்களிலும் வளையம் பளிச்சென்று நின்றது.

டாக்டர் அதைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். இளைஞன் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவனை மட்டும் உள்ளே அழைத்து வந்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தாய்மாமன் டாக்டர். என் அக்கா பையன்தான்."

டெக்னீஷியன் இரண்டாவது ஸ்லைடைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் குறையைச் சுமந்து வருகிறவர்கள் தாய்மார்கள். விழுகிறவர்கள் அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகள்.

"உங்களுக்கு எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?"

இல்லை என்று அவன் சொல்லவில்லை. எட்டி, கதவைச் சாத்தினான்.

"மெல்லக் கேளுங்க டாக்டர். அவன் ஏற்கெனவே பயந்து கெடக்கான்."