சீப்பில் சிக்கிய ஆண் வண்டு

வண்டின் தாடைகள் இரண்டும் கத்தரி போல ஒன்றின்மேல் ஒன்று மடியும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்.

அவளுடைய வலது கை மாவுக்கட்டில் கிடந்தது. விலாவில் இரண்டு எலும்பு முறிவு. மூச்சை இழுத்தால் உயிர் போய் வந்தது.

தட்டிக்கொண்டிருந்தவர் பதினோரு வருடமாக ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சேதி தெரிந்து ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்து குலுங்கிக் குலுங்கி அழுததும் அவர்தான்.

முந்தாநாள் மத்தியானம். உயிருள்ள வண்டுகள் இருந்த ஜாடியைத் திறந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு கை கழுத்தை வளைத்து இறுக்கியது. ஜாடி அவள் மேலேயே கவிழ்ந்தது. அந்தக் கைக்கும் அவள் கழுத்துக்கும் நடுவே வண்டுகள் நசுங்கின.

அவள் கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு ஒடியும் சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. கீழே விழுந்தவளை மிதித்தான். ஊசி குத்தி வைத்திருந்த வண்டுப் பெட்டிகளையும் மிதித்துத் தூளாக்கினான், படுபாவி.

முகத்தை அவள் பார்க்கவே இல்லை. வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரி அதைக் கேட்டு அலுத்துப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

இதுவரை யாரும் அறியாத இனம் அது. முதலில் எழுதி வெளியிடுகிறவருக்கே பெயர் வைக்கும் உரிமை. அவள் முந்திக்கொண்டதில் எவனுக்கோ வயிறு எரிந்திருக்கிறது.

ஆனால் நர்ஸ் தலை வாரிவிட்டபோது சீப்பில் ஒன்று சிக்கியது. செத்திருந்தாலும் முழு உடம்பு. அதுவும் ஆண்; இனத்தைப் பிரித்துச் சொல்ல ஆண்தான் வேண்டும். வர்ணனை எழுத அது ஒன்றே போதும்.

நீளம் ஆறு மில்லிமீட்டர் என்றாள். தலை கறுப்பு. சிறகை மூடும் ஓடு குட்டை, முக்கால் வயிறு வெளியே.

அவருக்கு வியர்த்து ஊற்றியது. மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு முன்கையைக் கட்டில் கம்பியில் தேய்த்துக்கொண்டார்.

ஒரு குறிப்பு பாக்கி இருந்தது. இந்த வகையில் சில வண்டுகளை நசுக்கினால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது, இரண்டு நாள் ஆகும். இதுவும் அப்படித்தானா என்று யாருக்கும் தெரியாது.

அவளுக்கு இன்று காலையில் தெரிந்துவிட்டது. இடது கையால் கழுத்துத் துண்டை விலக்கினாள். கொப்புளம் பட்டையாக ஓடியிருந்தது.

இரண்டு பேரிடம் காணப்பட்டது என்று எழுதச் சொன்னாள். முதல் ஆளுக்குக் கழுத்தில், ஏழு சென்டிமீட்டர்.

தட்டும் சத்தம் நின்றது. போலீஸ்காரி நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டாவது ஆளுக்கு முன்கையில. சட்டைக் கையைச் சுருட்டுங்கண்ணா, அளந்து போடணும்."