விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தண்ணீரோடு வயிற்றுக்குள் போய்விடும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

"கதிர்வீச்சு" என்றது, குளத்து நீரைச் சோதிக்க வந்த பெட்டி. "இருந்தால் டிக் டிக் என்று கத்துவேன். ஒரு குவளை கொடுங்கள்."

எருமை பதறிப்போய்க் கன்றின் காதில் சொன்னது: "வீடு தேடி வந்தவருக்குக் குளத்துத் தண்ணியா? மானம் போய்விடும். மலைச்சுனைக்கு ஓடு!"

கன்று மலையேறிச் சுரைக்குடுவையில் கொண்டுவந்தது. பெட்டி கத்தவில்லை. "பயமில்லாமல் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

"கேட்டாயா? நம் குளத்துக்கு ஒரு குறையும் இல்லை. வா, வயிறாரக் குடி!"

"அம்மா, அது சுனைத் தண்ணீர்."

"அதனால் என்னடா? நம் குளத்தங்கரையில் நின்றுதானே சொன்னார்!"

கன்று குடிக்கவில்லை. குடுவையில் குளத்து நீரை மொண்டுகொண்டு, பெட்டி போன வழியே நடந்தது.