சனியும் ஞாயிறும் சேர்த்தியில்லை

"சனிக்கிழமை சேத்தியா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கய்யா!"

தபாலாபீஸ் கம்பிக்கு வெளியே நின்று கேட்டவள் ஜெயமணி. மலாக்காவின் தெங்கேராவில் மசாலாக்கடை வைத்திருக்கும் தங்கையாவின் மகள். மீனுக்குப் பேசுகிற பேரத்தைக் கிழமைக்குப் பேசினாள்.

உள்ளே கிராணி, அதாவது குமாஸ்தா, கனகரட்ணம்; யாழ்ப்பாணத்துக்காரர். சட்டத்தைத் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார். குன்றிமணி கூடாது, குறையாது.

"சனி அரை நாள், பிள்ளை. இங்கை கதவு திறந்திருக்கும். ஆனா தோட்டத்துக்குத் தபால் லாரி போகாது. துவக்கோடை கூடப் போற காவலுக்குச் சனியும் ஞாயிறும் லீவு."

"காட்டுக்குள்ள துப்பாக்கியோட இருக்கானுங்களே கம்யூனிஸ்டுக்காரனுங்க, அவனுங்களுக்கும் லீவா?"

"அதை அவையைத்தான் கேக்கவேணும்."

"அப்ப ஞாயித்துக்கிழமையும் சேத்தி இல்லலா?"

"இல்லை. இண்டைக்கு வெள்ளி, லாரி போட்டுது. இனித் திங்கள்தான். கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதோ?"

முந்தி வந்துதான் இருந்தாள். காலையிலிருந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவரே பார்த்தார். லாரி கிளம்பிப் புழுதி அடங்கிய பிறகுதான் உள்ளே வந்தாள். கூச்சம் போலிருக்கிறது, பாவம்.

"அப்பிடி என்ன அவசரக் கடிதம்?"

"ஜாசின் பக்கத்துத் தோட்டத்துல மாப்பிள்ளை வீடுங்கய்யா. சம்மதம்னு அப்பா எழுதியிருக்காரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் வரலைன்னா வேற எடம் பாத்துக்குவாங்களாம்."

"பொம்பிளை ஆர்?"

"நான்தான்." தலை குனிந்தது. "ரிஜிஸ்டர் பண்ணி ரசீதோட வரச் சொன்னாருங்கய்யா."

கனகரட்ணம் முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தார். அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்வு கேவலம் ஒரு ஞாயிற்றுக்கிழமையிடம் தோற்பதா?

அந்த நேரம் பார்த்துத் தபால்தலை வாங்க உள்ளே நுழைந்தார் அவருடைய மச்சான் சபாரத்தினம். அதே தோட்டத்துப் பெரிய கிராணி. துப்பாக்கிக் குண்டுக்குப் பயந்து இரும்புத் தகடு அடித்திருந்த தோட்டத்துரையின் கார் வெளியே உறுமிக்கொண்டு நின்றது.

அத்தனை வருஷச் சர்வீசில் முதல் தடவையாகத் தராசுமுள் ஒரு பக்கம் சாய்ந்தது. கடிதத்தை எடுத்து மச்சானின் சட்டைப்பையில் செருகினார்.

"சட்டப்படி பிழைதான், மச்சான். ஆனா புண்ணியம். இண்டைக்கே கொண்டுபோய்க் குடுத்துவிடு." பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பிள்ளை! இனிக் கவலையை விடு. பொழுதுபட முன்னம் கடிதம் மாப்பிள்ளை வீட்டிலை நிக்கும்!"

படியிறங்கிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. முன்பின் தெரியாத சபாரத்தினத்தின் சட்டைப்பையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அலறினாள்:

"ஐயோ ஐயா, அது போய்ச் சேந்துட்டா, நான் அந்த ஆளத்தானே கட்டிக்கணும்!"