அரை ஸ்டார்

காலையில் இளம்பரிதியின் அப்பா இறந்துபோனார். ஐஸ் பெட்டிக்காரர் கீழே நின்றபடியே போனில் சொல்லிவிட்டார்: "பெட்டி படியில திரும்பாதுங்க. பெரியவரை நீங்கதான் இறக்கிக் கொண்டுவரணும்."

ஒன்பதாவது மாடி. இளம்பரிதி தோள்களைப் பிடித்தான், அவன் மனைவி சாருமதி கால்களைப் பிடித்தாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்த வாரம் முழுக்க லிஃப்ட் ஓடாது. 'நகரராஜா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் மேயராக ஆடுபவர் லிஃப்டை நிறுத்துவார், ஜனங்கள் நாக்குத் தள்ளப் படியேறுவார்கள். அதை உருவாக்கியவர்கள் கேலிக்குத்தான் அப்படிச் செய்தார்களாம். ஊரே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் மாநகராட்சி அதையே உத்தரவாகப் போட்டுவிட்டது.

விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவது சாருமதியின் வேலை.

ஐந்தாவது மாடியில் அப்பாவைத் தரையில் கிடத்திவிட்டு இளம்பரிதி மூச்சு வாங்கினான்.

"அந்த கேமுக்கு நீ எத்தனை ஸ்டார் கொடுத்த?"

"நாலரை."

"அரை எதுக்குக் குறைச்ச?"

அவள் மாமாவின் விலகிய வேட்டியை இழுத்துவிட்டாள்.

"ஒரே நாள்ல லிஃப்டைத் திரும்ப ஓட விட்டுடுறாங்க. ஒரு வாரமாவது நிறுத்தினாதான் சிரிப்பு வரும்னு எழுதினேன்."