மூன்றாம் குழிக் கல்

அகழாய்வுக் குழியிலிருந்து அஞ்சலை ஒரு கல்லை எடுத்துவந்து நீட்டியபோது ஆய்வு மாணவன் தயாநிதி அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ஆத்துல உருண்டு ஒடைஞ்ச கல்லும்மா இது" என்று கழித்த மண்மேட்டில் வீசினான். மண் சுமந்த பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்துவைத்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் மேட்டருகே நின்ற தயாநிதியின் கண்ணில் அந்தக் கல்லின் விளிம்பு பட்டது. இரண்டு பக்கமும் மாறி மாறிச் சில்லு பெயர்த்துக் கூராக்கியிருந்தார்கள். ஆறு அப்படி உடைக்காது. பழைய கற்கால மனிதரின் கைக்கோடரி. கழுவி எடுத்துக்கொண்டு அகழாய்வு இயக்குநரிடம் ஓடினான்.

"யாருப்பா எடுத்தது?"

"மூணாவது குழியில, நான்தான் சார்."

படம் எடுக்கையில் கல்லைப் பிடிக்க ஒரு கை வேண்டுமென்று, பக்கத்தில் நின்ற அஞ்சலையைக் கூப்பிட்டார் இயக்குநர். கல்லின் தடித்த பக்கம் அவள் உள்ளங்கையில் அப்படியே அமர்ந்தது. கட்டைவிரல் தானாக ஒரு பள்ளத்தில் போய் நின்றது.

தயாநிதிக்கு முகம் எரிந்தது. "சார், இதை மொதல்ல எடுத்தது இவங்கதான்."

இயக்குநர் அவன் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, தான் கண்டுபிடிச்சதுக்குக் கூலிக்கு வந்தவங்க பேரைச் சொல்றான். இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கையில் கல் இருந்ததால் அஞ்சலை மட்டும் தட்டவில்லை. அவனையே பார்த்தபடி நின்றாள். இன்னொரு முறை சொல்ல அவனுக்கு நா எழவில்லை.