லேசான வீல்

கடைக்காரர் அந்த வெண்கல நிற வீலை நாலாவது தடவையாகத் துடைத்து வைத்தார். பெரியவரின் கண் அதை விட்டு நகரவில்லை என்பதை அவர் வந்தவுடனேயே கண்டுகொண்டிருந்தார்.

"வெயிட்டு எவ்வளவு?" என்றார் பெரியவர்.

மறுபடியும் அதே கேள்வி. கடைக்குள் நுழைந்ததிலிருந்து வேறெதையும் அவர் கேட்கவில்லை. நிறம் கேட்கவில்லை, விலைகூடக் கேட்கவில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாற்ற வருகிறவர்கள் அழகைத்தான் முதலில் பார்ப்பார்கள். இவர் தராசைக் கொண்டுவரச் சொன்னார்.

கப்பலில் எஞ்சினியராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்று கரைக்கு வந்ததும், மற்றவர்கள் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரும் வயதில், இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். தரையோடு தரையாகக் கிடக்கும் கார். அதில் ஏறுவதென்று ஒன்றும் கிடையாது, உள்ளே விழ வேண்டியதுதான். வெளியே வருவதற்கு இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும்.

கை கொடுக்க மகள் வந்திருந்தாள். பல் டாக்டர். பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் அவள் முன்னால் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு நடுங்குவார்கள். அப்பாவுக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

"பாப்பா, இதத் தூக்கிப் பாரு."

"நான் எதுக்குப்பா? இத வச்சுக்கிட்டு ஓடப்போறது காருதானே?"

"சும்மா தூக்கிப் பாரேன்."

தூக்கினாள். அவர் வீலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். புருவம் லேசாகச் சுருங்கியது. அது போதும். வேண்டாம், அடுத்தது.

கறுப்பு வீல் வந்தது. சிவப்பு விளிம்பு வைத்தது வந்தது. நட்சத்திரம் போல ஐந்து கம்பி வைத்தது வந்தது. ஒவ்வொன்றையும் அவள் தூக்கினாள், ஒவ்வொன்றையும் அவர் திருப்பி அனுப்பினார். வீல் லேசானால் வண்டி எப்படிச் சிட்டாகப் பறக்கும், பிரேக் எப்படி நச்சென்று பிடிக்கும் என்று நடுநடுவே கடைக்காரருக்கு வகுப்பு வேறு. பாவம், மனிதர் முதல்முறையாகக் கேட்பவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வெண்கல வீலுக்கே வந்து நின்றார்கள்.

பெரியவர் குனிந்து அதன் கம்பிகளை விரலால் தடவினார். கார் வாங்கிய நாளிலிருந்து அவருடைய போனைத் திறந்தால் இந்த வீல் படம்தான் முதலில் வரும். மகளுக்கும் அது தெரியும். அதனால் தூக்கும்போது முகத்தில் ஒன்றையும் காட்டாமல், பஞ்சு மூட்டையைத் தூக்குவது போலச் சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

ரொம்பப் பளபளப்பாக இருக்கிறது, கண்ணைக் குத்துகிறது என்று சொல்லிவிட்டார் பெரியவர்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டே உள்ளே போய், பந்தயக்காரர்களுக்காக வைத்திருந்த ஒரு சாம்பல் நிற வீலைக் கொண்டுவந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறை வடிதட்டுக்கு டயர் மாட்டினால் எப்படியிருக்குமோ அப்படி. மகள் அதை ஒரே கையால் தூக்கி, "அட!" என்றாள்.

அதுதான் என்று முடிவாகிவிட்டது.

டயரோடு நாலையும் மாட்டி முடித்ததும், இனி இந்த வண்டியை யாராலும் பிடிக்க முடியாது என்று கடைக்காரர் கையைத் தட்டினார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். மகள் மட்டும் பையில் எதையோ தேடுபவள் போலக் குனிந்துகொண்டாள்.

வீடுவரை அவள்தான் ஓட்டினாள். கப்பல் கேப்டன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார் பெரியவர்.

சாயங்காலம் டிவியில் செய்தி ஆரம்பித்தது. காய்ந்த துணியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு மகள் கீழே இறங்கினாள். பெரியவர் எழுந்து மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றார்.

கீழே அவள் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஒரு வீலின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

சாவியை ஒளித்தெல்லாம் பார்த்தாகிவிட்டது. சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப அவருக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழிதான் கொஞ்ச நாளாகத் தெரிவதில்லை. ரொட்டி வாங்கப் புறப்பட்டவரை, ஏதோ ஓர் ஊரில் பெட்ரோல் தீர்ந்து நின்ற இடத்திலிருந்து அவள்தான் கூட்டிவந்தாள். காரை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு வீலைக் கழற்றிப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டுவாள். காலையில் மாட்டி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டி வருவாள்.

அப்பாவுக்கு இது தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

நேற்றுவரை அந்தக் கனத்த பழைய வீலை வழியெல்லாம் இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் கொண்டுபோனாள்.

இன்று தூக்கியவள், அது நினைத்ததைவிடச் சுலபமாக மேலே வந்துவிட்டதில் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு குழந்தையை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கேயும் நிற்காமல் நேராக நடந்து உள்ளே போனாள்.

பெரியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே பூட்டு விழும் ஓசை கேட்டது.

ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.